டீச்சரிடம் கேளுங்கள்: மலைக்குள்ளிருந்து வந்தவன்

போன இதழில், தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் குப்பையோடு எரிக்கப்போன ஒரு பழைய ஆங்கிலக் கதைப்புத்தகத்தை என் அப்பா காப்பாற்றி வந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுவதும் அந்தப் புத்தகத்துக்கே. வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் கட்டாயம் பதில் உண்டு.

டீச்சர், அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லவே இல்லையே. என்ன கதை அது? எனக்கு 13 வயது. இங்கிலீஷ் வாசிப்பேன், ஆனால் மெதுவாகத்தான். நான் வாசிக்கலாமா?
– மாணவி, லிந்துலை

மகள், அதன் பெயர் 'பக் ஆஃப் பூக்ஸ் ஹில்'. ரட்யார்ட் கிப்ளிங் எழுதி 1906இல் வந்தது. என்னிடமிருக்கும் பிரதிக்கு முன் அட்டை கிடையாது. அப்பா பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தவர். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், எங்கே வைப்பது? அம்மா அடுப்புக்கு மேலே அட்டலில் வைத்துவிட்டார். வருடக்கணக்காகப் புகை பிடித்ததாலோ என்னவோ, ஒரு பூச்சி அதை அண்டவில்லை. இன்றைக்கும் திறந்தால் விறகுப் புகை மணக்கும்.

கதை இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸில் நடக்கிறது. டேன் என்று ஒரு பையனும் யூனா என்று அவனுடைய சகோதரியும். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தை அவர்களுடைய அப்பா சின்னதாகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறார். கோடை நடுநாளுக்கு முந்தின மாலையில், ஓடைக்கரைப் புல்வெளியில் அதை நடித்துப் பார்க்கிறார்கள். ஒருமுறை நடித்து மனம் நிறையாமல் மூன்று முறை. அவர்கள் நிற்பது புல் வட்டமாகக் கறுத்து வளர்ந்திருக்கும் இடம். அந்த ஊர்க்காரர்கள் அதை ஃபேரிகள் என்னும் மாயச் சனத்தின் வட்டம் என்பார்கள். பிறகு சாப்பிட உட்காருகிறார்கள்: அவித்த முட்டை, பிஸ்கட், ஒரு காகித உறைக்குள் கொஞ்சம் உப்பு.

அந்த உப்பில்தான் நான் இந்தப் புத்தகத்திடம் விழுந்தேன். என் அம்மா மலைக்குப் போகும்போது ரொட்டியோடு உப்பையும் பச்சை மிளகாயையும் பழைய பேப்பரில் மடித்து மடியில் செருகிக்கொண்டு போவார். கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் உப்பை மடித்துத்தான் கொண்டுபோகிறார்களா என்று பத்து வயதில் எனக்கு அப்படி ஓர் ஆச்சரியம்.

அப்போது புதர் விலகி ஒருவன் வருகிறான். குள்ளம், பழுப்பு நிறம், அகன்ற தோள், கூர்மையான காது, சப்பை மூக்கு, முகம் நிறையச் சிரிப்பு. அவன்தான் பக். பிள்ளைகளிடம் உப்புக் கேட்டு வாங்கித் தின்று காட்டுகிறான். என் ஆட்களில் சிலருக்கு உப்பு ஆகாது, இரும்பு ஆகாது, வாசலில் மாட்டிய லாடம் ஆகாது, ஓடும் தண்ணீர் ஆகாது, கோயில் மணி ஆகாது, எனக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்கிறான். அவனுடைய கூட்டம் முழுவதும் இங்கிலாந்தை விட்டுப் போய்விட்டது. மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான்.

அப்புறம்தான் சரித்திரம் வருகிறது. பிரான்சிலிருந்து வந்து ஊரைப் பிடித்த நார்மன் வீரன், ரோமப் படைத்தலைவன் என்று ஒவ்வொரு காலத்து ஆளாக அந்தப் புல்வெளிக்கு வந்து தன் கதையைத் தானே சொல்கிறான். ஆண்டும் அரசர் பெயரும் மனப்பாடம் செய்கிற சரித்திரம் இல்லை. மழையில் நனைந்த சப்பாத்தும் பசியும் சிநேகிதமும் உள்ள சரித்திரம். ஒவ்வொரு முறையும் கடைசியில் பக் ஓக், ஆஷ், தார்ன் என்ற மூன்று மரங்களின் இலைகளால் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறக்கும்படி செய்துவிடுகிறான். இல்லாவிட்டால் வீட்டில் போய் உளறிவிடுவார்களே.

நீ வாசிக்கலாம். ஆனால் ஆங்கிலம் பழையது, நாட்டுப்புறப் பேச்சும் நிறைய. முதல் கதையை ஆங்கில டீச்சரோடு உட்கார்ந்து வாசி. பிறகு நேரே ரோமப் படைத்தலைவன் சொல்லும் மூன்று கதைகளுக்குப் போ, நடுவில் உள்ளவற்றைப் பிறகு பார்க்கலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

டீச்சர், 'ஃபேரி' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? தேவதை என்று போட்டால் சரியா?
– மொழிபெயர்க்க ஆசைப்படும் வாசகர், பண்டாரவளை

தம்பி, எனக்கும் இதே தலையிடி இருந்தது. தேவதை என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் சிறகும் மந்திரக்கோலும்தான் கண்ணில் வரும். பக் அந்த உருவத்தைக் கண்டாலே கொதிப்பான். வண்ணத்துப்பூச்சிச் சிறகு ஒட்டிய பொம்மைகளையா எங்கள் ஆட்கள் என்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சண்டைக்கே வருகிறான். பழைய இங்கிலாந்தின் ஃபேரி அப்படிப்பட்டது இல்லை. சாமியும் இல்லை, பேயும் இல்லை. மண்ணுக்கடியில் தங்களுக்கென்று ராஜாவும் கல்யாணமும் சந்தையும் வைத்துக்கொண்டு, மனிதருக்குப் பக்கத்திலேயே வாழ்கிற வேறொரு சனம். நல்லதும் செய்யும், கோபம் வந்தால் பாலைத் திரித்துவிடும். மோகினி என்றால் பயம் மட்டும்தான் வரும். குட்டிச்சாத்தான் கொஞ்சம் கிட்ட வருகிறது, ஆனால் அதை ஒருவர் ஏவிவிட வேண்டும். பக்கை ஏவ யாராலும் முடியாது.

அவன் தன் கூட்டத்துக்குச் சொல்லும் பெயர் வேறு. ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே தமிழில் வைத்தால் 'மலைகளின் மக்கள்'. பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது கரும்பலகையில் 'மலை மக்கள்' என்று எழுதினேன். சோக் துண்டை வைத்துவிட்டுத் திரும்பினால், மூன்றாம் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கிறது: "நம்மளா டீச்சர்?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் 'தேவதை' என்று எழுதுவதில்லை. நீங்களும் 'மலை மக்கள்' என்றே போட்டுப் பாருங்கள்.

கிப்ளிங் ஏகாதிபத்தியத்தைத் தூக்கிப் பிடித்த ஆள். நம்மைக் கொண்டுவந்து இந்த மலையில் போட்ட துரைமாரின் பெருமையைப் பாடிய ஒருவருடைய கதையை நம் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? நமக்குக் கதை இல்லையா?
– ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர், நோர்வூட்

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. 1899இல் 'வெள்ளைக்காரனின் சுமை' என்று கவிதை எழுதி, மற்றவர்களை ஆள்வது தங்கள் கடமை என்று சொன்னவர் அவர். அந்தச் சுமையை உண்மையில் தலையில் சுமந்தது யார் என்று கொழுந்துக் கூடை கட்டிய எந்தப் பெண்ணிடமும் கேட்கலாம். அதை நான் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஆனால் இந்தப் புத்தகத்தில் அவர் தன்னை அறியாமலே நமக்காக எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அந்த ரோமப் படைத்தலைவன் பார்னீசியஸ். கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் மதில், 117 கிலோமீட்டர் நீளம், அதைக் காக்கப் போனவன். நீ ரோமனா என்று பிள்ளைகள் கேட்க, ஆமாம், இல்லை, இரண்டும்தான் என்கிறான். ரோமைப் படத்தில் மட்டும் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் அவனும் ஒருவன். தலைமுறை தலைமுறையாக அவன் குடும்பம் வாழ்ந்தது பிரித்தானியாவின் தெற்கே ஒரு தீவில். பெயர் ரோமப் பெயர், சாமி வேறு தேசத்துச் சாமி, பிறந்த மண் இது. ஐயா, அவன் ஆளும் கூட்டத்தைச் சேர்ந்தவன், நாம் ஆளப்பட்டவர்கள், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் திருச்சியையும் புதுக்கோட்டையையும் பேரில் மட்டும் சுமந்து, ஒருநாளும் பார்க்காமல் இங்கேயே கண்ணை மூடிய நம் பாட்டிமாரை நினைக்காமல் என்னால் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடிந்ததில்லை.

இன்னொரு கதை 'டிம்சர்ச் ஃப்ளிட்'. இங்கிலாந்தில் மதத்துக்காக ஒருவரையொருவர் வெறுத்துச் சண்டை போட்ட காலம். அந்த வெறுப்பின் நடுவே மலை மக்களால் இருக்க முடியவில்லை. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் கடலோரச் சதுப்பு நிலத்துக்கு வந்து குவிகிறார்கள். கடல் தாண்டிப் போக ஒரு படகு வேண்டும். ஒரு விதவைத் தாய்க்கு இரண்டு பிள்ளைகள், ஒருவனுக்குக் கண் தெரியாது, மற்றவனுக்குப் பேச்சு வராது. அவர்கள்தான் படகு ஓட்ட வேண்டும். அந்தத் தாய் மனமொத்து அனுமதி கொடுத்தால்தான் போகலாம், பறித்துக்கொண்டு போகக் கூடாது. அவளும் அழுது தவித்துப் பிறகு கொடுக்கிறாள்.

1964இல் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தன. நம்மிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெரியம்மா குடும்பத்துக்கு முறை வந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் பாட்டி 'அழுகைக் கோச்சி' என்றுதான் கடைசிவரை சொன்னார். புறப்படும் அன்று விடியற்காலையில் பெரியம்மா காம்பராவைக் கூட்டி, சாணம் கரைத்து அடுப்பை மெழுகினார். இனி ஒருநாளும் உலை வைக்கப்போகாத அடுப்பு. ஏன் பெரியம்மா என்று கேட்டேன். "வாறவுங்களுக்கு அடுப்பு சுத்தமா இருக்கணும்ல" என்றார். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

டிம்சர்ச் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈர அடுப்புதான் தெரிகிறது. நம் அழுகைக் கோச்சியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மாயக்கதை வேண்டும் என்று நான் ஏங்குகிறேன். அதை எழுதப்போகிற பிள்ளை, வேறொரு தேசத்தவர் தங்கள் மலையையும் தங்கள் பிரிவையும் எப்படிக் கதையாக்கினார்கள் என்று ஒருமுறை பார்க்கட்டும். கிப்ளிங் பம்பாயில் பிறந்தவர். ஆறு வயதுகூட ஆகாமல் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்தில் அந்நியர் வீட்டில் வாடியவர். 1902இல் சசெக்ஸில் ஒரு பழைய வீட்டை வாங்கிய பிறகுதான் அவருக்கு ஒரு மண் கிடைத்தது. கதையில் பக் ஒரு புல் கட்டியை வெட்டி அந்தப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறான், இந்த நிலம் இனி உங்களுக்கும் உரியது என்பதற்கு அடையாளமாக. அந்த ஒரு பிடி மண்ணுக்கு எவ்வளவு பெறுமதி என்று ஏழு பேர்ச் என்கிற சிறு துண்டுக் காணிக்கு மனு எழுதிய நம் கைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

மகனுக்கு ஒன்பது வயது. இப்படிப்பட்ட கதைகளை வாசித்தால் இரவில் பயப்படுவானா?
– ஒரு தாய், கொட்டகலை

தங்கச்சி, இந்தப் புத்தகத்தில் பயமுறுத்தும் இடம் குறைவு. போர் வரும், கொஞ்சம் இரத்தமும் வரும். ஒன்பது வயதில் தனியே வாசிக்கக் கொடுக்காமல் நீங்கள் மடியில் வைத்துச் சொல்லுங்கள். பக் அவனுக்குச் சிநேகிதனாகிவிடுவான்.

இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் ஃபேரிகளைப் புகைப்படம் எடுத்ததாக வீடியோ பார்த்தேன். உண்மையா?
– மாணவன், ஹட்டன்

படங்கள் உண்டு, ஃபேரிகள் காகிதம். 1917இல் யோர்க்‌ஷயரில் காட்டிங்லி என்ற ஊரில் எல்சி என்ற 16 வயதுப் பெண்ணும் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை பிரான்சஸும் எடுத்தார்கள். பிரான்சஸுக்கு 9 வயது. ஒரு சிறுவர் புத்தகத்துப் படங்களைப் பார்த்து வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தினார்கள். ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலே அதை நம்பி 1920இல் பத்திரிகையில் எழுதிவிட்டார். 1983இல், இருவரும் பாட்டிகளான பிறகுதான் உண்மையைச் சொன்னார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் மகனை இழந்தவர் டாயில். வேறோர் உலகம் இருக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

டீச்சர், நான் ஒரு கதை எழுதுகிறேன். 1850இல் இங்கிலாந்துப் பையன் ஒருவன் ஃபேரி உலகத்துக்குள் போய், வெளியே வரும்போது நம் டெவன் அருவிக்குள்ளிருந்து வருகிறான். தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். பிறகு அவன் ரயிலேறிக் கொழும்புக்குப் போகிறான். முதல் அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறது?
– பத்தாம் வகுப்பு மாணவன், தலவாக்கலை

தம்பி, அத்தியாயத்தை மூன்று தரம் வாசித்தேன். அருவியின் சத்தத்துக்குள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக எழுதியிருக்கிறாயே, அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாதே.

மாற்ற வேண்டியது சரித்திரம். 1850இல் இங்கே தேயிலைத் தோட்டம் இல்லை, கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கோப்பி இலையில் மஞ்சள் தூளாகப் பூஞ்சண நோய் வந்தது 1869இல். ரயில் கண்டிக்கு வந்ததே 1867இல், நானுஓயாவுக்கு வந்தது 1885இல். உன் பையன் ரயிலேற வேண்டுமானால் ஆண்டைத் தள்ளிப் போடு. 1850ஐ விட மாட்டேன் என்றால் அவனை நடக்க வை. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள், வழியில் காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். அப்படி வந்த ஒரு குடும்பத்தை அவன் சந்திக்கட்டும். உன் கதை அந்த நடையில்தான் கனம் பெறும்.

டெவனைத் தேர்ந்தெடுத்தது நல்ல மூளை. இங்கிலாந்தின் தென்மேற்கிலும் டெவன் என்று ஒரு மாவட்டம் உண்டு. அங்கே ஃபேரிகளுக்குப் பிக்ஸி என்று பெயர். மூடுபனியில் பிக்ஸிகள் ஆளை வழிதவற வைத்துச் சுற்றவிடும், சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டால் வழி தெரியும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. உன் பையன் டெவன்காரன் என்றால் இது அவனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். நம் பனிக்குள் அவன் சட்டையைப் புரட்டிப் போட்டும் வழி தெரியாவிட்டால் என்ன செய்வான்? இது வேறு ஆட்களின் பனி அல்லவா?

இன்னொன்று, காலக் கணக்கு. இரண்டு உலகத்துக்கும் நேரம் ஒன்றா? 12ஆம் நூற்றாண்டில் வால்டர் மாப் என்பவர் எழுதிவைத்த ஒரு கதையில், ஹெர்லா என்ற அரசன் குள்ளர்களின் ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறான். மூன்று நாள் என்று நினைத்துத் திரும்பினால் இங்கே இருநூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எதிரே வந்த கிழட்டு இடையனுக்கு அவன் பேச்சே சரியாக விளங்கவில்லை. நம் பாகவதத்தில் ககுத்மி ராஜா மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போய்வருவதற்குள் யுகங்களே கழிந்துவிடுகின்றன. நீ எந்தக் கணக்கையும் வை, ஆனால் முதல் அத்தியாயத்தில் வைத்ததைக் கடைசி வரை மீறாதே. சட்டம் இல்லாத மாய உலகத்தைப் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்து மூடிவைத்துவிடுவார்கள். வாசிப்பு வகுப்பில் நான் கண்ணால் பார்த்தது.

கடைசியாக, உன் கதையில் இங்கிலாந்து ஃபேரிகள் மட்டும்தான் இருக்கிறார்கள். நம் மலையில் யாரும் இல்லையா? கவ்வாத்துக்கு முன்னால் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடுகிறோம். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் ரோதைமுனி இருக்கிறார். ஒன்றை யோசித்துப் பார், தம்பி. இங்கிலாந்து ஃபேரிக்கு இரும்பு என்றால் ஆகாது, கிட்ட வராது. நம் ரோதைமுனி குடியிருப்பதே இரும்புச் சக்கரத்தில். துரைமார் கொண்டுவந்த இயந்திரத்துக்குள் அவர்களுடைய ஃபேரி நுழைய முடியாது, நம் முனி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். உன் பையனைத் துரத்திக்கொண்டு ஒரு பிக்ஸி ஸ்டோர் வாசல் வரை வந்தால் அங்கே என்ன நடக்கும்? இதற்கு ஆண்டைத் தேயிலைக் காலத்துக்குத் தள்ளத்தான் வேண்டும். எது வேண்டும் என்று நீயே முடிவு செய்.

உங்கள் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்த வயதானவர் யாராவது இருந்தால், ரோதைமுனிக்கு என்ன படைப்பார்கள், யார் பூசை வைப்பார்கள் என்று போய்க் கேட்டு எழுதிக்கொள். இரண்டாம் அத்தியாயத்தை அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் அனுப்பு. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுது, தம்பி, மை மறுபக்கம் ஊறி எனக்கு எழுத்துத் தெரியவில்லை.